கிறிஸ்துமஸ் அட்டைக்குள் வந்த முட்டைகள்

கிளைவ் பென்ஹால் பெயிண்ட் அடித்த கார்கள் அடிலெய்டு சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓய்வுபெற்ற பிறகு அவனுக்கு மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் நாற்பது கண்ணாடித் தொட்டிகள், கூடவே அந்த வாய். எங்கள் மீன் வளர்ப்போர் சங்கத்தில் அவனோடு சண்டை போடாதவர் யாருமில்லை. அதிகம் போட்டவன் நான்.

அவன் உயிரையே வைத்திருந்தது ஓர் ஆப்பிரிக்க மீன்மேல். சுண்டுவிரல் நீளம். ஆண் செக்கச்செவேல் என்றிருக்கும். பெண் அழுக்குத் தண்ணீர் நிறம். அதன் சொந்த ஊரில் குட்டை வற்றினால் மீன் செத்துவிடும், முட்டை மட்டும் சேற்றில் மாதக்கணக்கில் உறங்கும். நாங்கள் முட்டையை ஈரமான பாசித்தூளில் பொதிந்து, பையில் தேதி எழுதி வைப்போம். ஆறு மாதம் கழித்துத் தண்ணீர் ஊற்றினால் பொரியும். இறக்குமதிச் சட்டம் இறுகுவதற்கு முன் வந்த சில மீன்களின் வம்சத்தை கிளைவ் இருபத்தேழு வருடம் இப்படிக் காப்பாற்றினான். நாட்டில் வேறு யாரிடமும் அது இல்லை.

இருபத்தேழு வருடம் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்தால் என்ன ஆகும்? முதுகு வளைந்தது. முட்டைகளில் பூஞ்சணம் பிடித்தது. வெளியிலிருந்து புது ரத்தம் வந்தாக வேண்டும். ஆனால் அனுமதிப் பட்டியலில் அந்த மீன் இல்லை. பட்டியலில் இருக்கும் மீனைக்கூட மருத்துவச் சான்றோடு கொண்டுவந்து, தனியே அடைத்துவைத்துப் பார்த்த பிறகுதான் விடுவார்கள். முட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. கிளைவ் நான்கு வருடம் மனு எழுதிப் பார்த்தான்.

"அவங்க சொல்றதுல என்னடா தப்பு? நம்ம ஆத்துல நோய் எறங்கிட்டா யாரு பொறுப்பு?" என்றேன்.

"முட்டை ரவை மாதிரி இருக்கு. இதுக்குள்ள நோய் எங்கடா ஒக்காரும், ஆர்ச்சி?"

"ஒக்காராதுன்னு நீ பாத்தியா?"

"போடா, கவர்மெண்ட்டுக்குப் பொறந்தவனே."

அந்த டிசம்பரில், ஜெர்மனியிலிருந்து அவன் சிநேகிதன் ஹார்ட்முட் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை கொஞ்சம் தடிமனாக இருந்தது. மார்ச்சுக்குள், அதிலிருந்த முட்டைகள் பொரிந்து வளர்ந்த புது ஆண்களைப் பழைய பெண்களோடு விட்டுவிட்டான். அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பான். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரிய மீன் பொரிந்தால் இரண்டு மூன்று வீடுகளுக்காவது ஜோடி கொடுத்துவிட வேண்டும். கோடையில் மின்சாரம் போய் ஒரு கொட்டகை வெந்துபோனாலும் இன்னொன்றில் இனம் பிழைக்கும். மகிழ்ச்சி தாங்காமல் கிளைவ் ஐந்து வீடுகளுக்குக் கொடுத்தான். ஐந்தில் ஒரு மடையன் இணையத்தில் படம் போட்டான்.

வெள்ளை வேனில் அதிகாரிகள் வந்தார்கள். எது பழையது, எது புதியது என்று பிரிக்க வழியில்லை. நாற்பது தொட்டியிலும் மீனை மயக்கிக் கொல்லும் கிராம்பு எண்ணெய் விட்டார்கள். கொட்டகை பல் டாக்டர் அறை மாதிரி மணந்தது.

"வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க, மிஸ்டர் பென்ஹால்?" என்று அந்த அதிகாரிப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

ஐந்து பேரையும் சொன்னான். அந்த ஐந்து வீடுகளிலும் எண்ணெய் மணந்தது. என் பெயரை மட்டும் விழுங்கிவிட்டான். என்னிடம் மீன் இல்லை. அட்டை வருவதற்கு முன்பே, நவம்பரில், பத்திரமாக வைக்கச் சொல்லி அவன் தந்த பழைய வம்சத்து முட்டைப் பை ஒன்று என் துணி அலமாரியில் இருந்தது. குற்றமில்லாத முட்டைதான். கண்ணில் பட்டிருந்தால் அதையும் அள்ளியிருப்பார்கள்.

"மே கடைசில தண்ணி ஊத்து," என்று போனில் சொன்னான். "இங்க மட்டும் எடுத்துட்டு வராத. இனி அது ஒண்ணுதான்டா இருக்கு."

ஊற்றினேன். இரண்டே குஞ்சுகள் பொரிந்தன. அதற்காக எவனும் தூளை எறியமாட்டான். அடம்பிடிக்கும் முட்டைகள் சில எப்போதும் இருக்கும். தூளைப் பிழிந்து உலர்த்தி, சில வாரம் கழித்து மறுபடி நனைத்தால் அவையும் பொரியும். நானும் பிழிந்து ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஒரு காலை எங்கள் தெருவில் வெள்ளை வேன் வந்து நின்றது. அதிகாரிகள்தான் என்று நினைத்தேன். கெட்டிலில் கொதித்த தண்ணீரை அப்படியே தூளில் ஊற்றி ரோஜாப் பாத்தியில் கொட்டினேன். குஞ்சுகள்மேல் ஊற்றக் கை வரவில்லை. வேன்காரன் எதிர்வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

கிளைவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகஸ்டில் அவனாகவே வந்தான். தொட்டிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தான். இரண்டும் சிவந்து, துடுப்பை விரித்து ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டிருந்தன. அவன் முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன்.

"ரெண்டும் ஆம்பளப் பயலுக. சரி விடு, இன்னும் நாலஞ்சு மாசம் தாங்குவானுங்க. ஒரே ஒரு பொண்ணு பொரிஞ்சா போதும்டா நமக்கு. தூளை எடுத்துட்டு வா, இப்பவே நனைச்சிடலாம்."

நான் ஜன்னல் வழியே ரோஜாப் பாத்தியைப் பார்த்தேன்.

"காது கேக்கலையா? தூளுடா, ஆர்ச்சி, தூளு!"

எனக்கு நன்றாகக் கேட்டது.