நான் வந்தால் கிளம்பாத கம்ப்யூட்டர்

இது நடந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. தொண்ணூற்றெட்டாம் வருடம், கோடை ஆரம்பம். பம்மலில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். இதை எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் கோபம்தான் முதலில் வருகிறது. யார் யார் மேல் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் மகள் அப்போது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். புராஜெக்ட் செய்வதற்காக மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் சொல்லி, அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். ஹாலில் மூன்று பின் பிளக் பாயிண்ட் ஒரே இடத்தில்தான் இருந்தது, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில். அங்கேயே மேஜை போட்டோம். கேபினட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். மானிட்டருக்கு நானே உறை தைத்தேன்.

மூன்றாவது வாரத்திலேயே தகராறு ஆரம்பித்தது. சில சமயம் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் கிளம்பிவிடும். சில சமயம் எத்தனை முறை அழுத்தினாலும் மூச்சுப் பேச்சு இருக்காது. கடைக்காரர் தன் சர்வீஸ் ஆளை அனுப்பினார். அவன் எதையோ கழற்றினான், துடைத்தான், மாட்டினான். அடுத்த வாரம் பவர் சப்ளையை மாற்றினான். அதற்கடுத்த வாரம் கேபினட்டையே ஸ்கூட்டரில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனான். அங்கே இரண்டு நாளும் ஒரு முறைகூடத் தவறாமல் கிளம்பியதாம்.

திருப்பிக் கொண்டுவந்தவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், மெஷின்ல ஒண்ணும் இல்ல. வீட்லதான் யாரோ கை வெக்கிறாங்க. எக்ஸாம் டைம்ல பசங்க இப்படித்தான் பண்ணுவாங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

என் மகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அண்ணா, தொட்டா கையில சுர்ருனு இழுக்குது, அதைப் பாருங்க" என்றாள்.

"பாடியில லைட்டா அடிக்கத்தான் செய்யும்மா. எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான். செருப்பு போட்டுக்கினு உட்காரு" என்று போய்விட்டான். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அவன் சொன்னது என் மனதில் நன்றாக ஏறிவிட்டது. ஏனென்றால் நானும் ஒன்றைக் கவனித்திருந்தேன். மகள் கல்லூரியிலிருந்து மூன்றரை மணிக்கு வந்துவிடுவாள். நான் ஆபீஸிலிருந்து வர ஐந்தரை ஆகும். என் கணவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட். ஆக, இரண்டு மணி நேரம் வீட்டில் அவள் மட்டும். அந்த இரண்டு மணி நேரமும் கம்ப்யூட்டர் ஓடும். நான் வந்து அரை மணி நேரத்தில் அணைந்துபோய், திரும்பக் கிளம்பாது. உடனே, "அம்மா, குரோம்பேட்டையில என் ஃப்ரெண்ட் வீட்ல போய் முடிச்சிட்டு வந்துடறேன்" என்பாள்.

"நான் வந்தா மட்டும் அதுக்கு என்ன வெட்கமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்கும் அதான்மா புரியல. ஆனா நீ வந்தப்புறம்தான் படுத்துக்குது."

"குரோம்பேட்டையில யாருடி இருக்கா?"

அவள் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. அதன் பிறகு அவள் குரோம்பேட்டைப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு பழைய நோட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தாள். தினமும் பட்டனை அழுத்துவதும் எழுதுவதுமாக இருந்தாள். "இதுல எழுதற நேரத்துக்குப் பாடத்தைப் படி" என்று அந்த நோட்டை ஒருமுறை பிடுங்கி அலமாரி மேலே வீசினேன். திறந்து பார்க்கவில்லை.

ஷாக் அடிக்கிறது என்று அவள் சொன்னதும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் கிரைண்டரும் அவ்வப்போது அடிக்கும். நான் மனைப்பலகை மேல் நின்றுகொண்டு மாவு அரைப்பேன். அது எங்கள் வீட்டில் வழக்கமாகிப் போயிருந்தது.

அன்று வியாழக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்தேன், தண்ணீர் இல்லை. மாடிப்படியில் நின்று, தினமும் கத்துவதுபோல், "சார், மோட்டார் போடுங்க சார்!" என்று கீழே இருந்த ஹவுஸ் ஓனருக்குக் குரல் கொடுத்தேன். மோட்டார் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் வந்ததும் மறுநாள் வெள்ளிக்கிழமை பூஜைக்காக வீட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். மகள் கம்ப்யூட்டர் முன்னால் ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"சாமி பக்கத்துல செருப்பா? கழட்டுடி."

"அம்மா, ஷாக் அடிக்குதும்மா. போட்டுக்கட்டுமா?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. கழட்டு."

கழற்றினாள். செருப்பை நானே எடுத்து வாசலில் போட்டேன். அவள் காலடியிலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நகர்ந்தேன்.

பட்டனை அழுத்தும் சத்தம் இரண்டு மூன்று முறை கேட்டது. கம்ப்யூட்டர் வரவில்லை. எழுந்து நின்று கேபினட்டுக்குப் பின்னால் கையை விட்டாள், ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. நான் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். டக டகவென்று ஒரு சத்தம். அவளுடைய கண்ணாடி வளையல்கள் தகரத்தில் மோதும் சத்தம். கோபத்தில் பெட்டியைத் தட்டுகிறாள் என்று நினைத்து, நிமிராமலே, "என்ன, மறுபடியும் நாடகமா?" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

பதில் வராததால் நிமிர்ந்தேன். அவள் வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. கையை எடுக்க முடியாமல் உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. பாய்ந்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் சுவிட்ச் போர்டு இருந்ததால் அதில் கை வைத்தேன். என் புத்தி காப்பாற்றியது என்று யாரும் நினைக்க வேண்டாம். போர்டு அந்தப் பக்கம் இருந்திருந்தால் அவளைத்தான் பிடித்திருப்பேன்.

சுவிட்சை அணைத்தேன். வளையல் சத்தம் நிற்கவில்லை.

அந்த ஒரு நொடியை என்னால் எழுத முடியாது. ஒயரைப் பிடித்து வெறிகொண்டு இழுத்தேன். பிளக் கழன்று வந்தது. அவள் தரையில் விழுந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் இரண்டு இடத்தில் கருகியிருந்தது. ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். சுவிட்சை அணைத்தும் ஷாக் நிற்கவில்லை என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. சுவரில் அந்தப் பிளக் பாயிண்ட்டின் எர்த் ஓட்டைக்குள் டெஸ்டரை விட்டார். எரியவில்லை. சற்று யோசித்துவிட்டு, "நேத்து அந்த நேரத்துல வேற இன்னா ஓடிகினு இருந்திச்சு?" என்று கேட்டார்.

"கீழ மோட்டார் ஓடிச்சு."

"போயி, எப்பவும் கேக்குற மாதிரி போடச் சொல்லுங்கக்கா. நான் வந்துகீறேன்னு சொல்லாதீங்க."

படியில் நின்று, "சார், மோட்டார் போடுங்க சார்" என்றேன். மோட்டார் ஓடியது. தலைக்கு மேல் மின்விசிறி லேசாகத் தளர்ந்தது. டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"அடப்பாவி! மீட்டர் ஓடக்கூடாதுன்னு மோட்டார எர்த்துல கட்டிகீறான்!" என்று எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். மோட்டாருக்குப் போன மின்சாரம் திரும்பி வருவதற்கு முறையான ஒயர் இல்லை. மண்ணில் புதைத்த எர்த் குழாயில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். கோடையில் மண் காய்ந்துவிட்டதால் மின்சாரம் மண்ணில் இறங்காமல், அதே எர்த் ஒயர் வழியாக எங்கள் கம்ப்யூட்டரின் தகரத்துக்கு ஏறி வந்திருக்கிறது. சுவிட்ச் அந்த ஒயரைத் துண்டிக்காது. கம்ப்யூட்டர் கிளம்பாததற்கும் அந்த மோட்டார்தான் காரணம். அது ஓடும்போது மாடிக்கு வரும் வோல்டேஜ் விழுந்துவிடும்.

கீழே போய்க் கத்தினேன். வாழ்க்கையில் அப்படி நான் கத்தியதில்லை. அந்த மனிதர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "பத்து வருஷமா இப்படித்தாம்மா ஓடுது. எவனுக்கும் ஒண்ணும் ஆகல. வாடகை வூட்ல கம்ப்யூட்டரு வெக்கச் சொல்லி யாரு அழுதாங்க?" என்றார். எலக்ட்ரீஷியன் மின்சார அலுவலகத்துக்குப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் எழுந்தார். அந்த மாதமே வீட்டைக் காலி செய்தோம்.

சாமான்களைக் கட்டும்போது அலமாரி மேலிருந்து அந்த நோட்டு விழுந்தது. அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். தேதி, நேரம், கிளம்பியதா இல்லையா, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். 'நாலு மணி, கிளம்பியது, யாரும் இல்லை.' 'ஐந்தே முக்கால், கிளம்பவில்லை, அம்மா மோட்டார் போடச் சொன்னாள், ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது.' 'ஆறு மணி, கிளம்பவில்லை, மோட்டார், கையில் ஷாக்.' இப்படி இருபத்து மூன்று நாள். கடைசிப் பக்கத்தில் மோட்டார் என்ற வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டு, 'அம்மாவிடம் சொல்ல வேண்டும். கேட்பாளா?' என்று எழுதியிருந்தாள்.

புராஜெக்ட்டை முடித்தாள், பாஸ் செய்தாள், இப்போது வேலைக்குப் போகிறாள். வீட்டுக்குள் செருப்போடுதான் நடக்கிறாள், வெள்ளிக்கிழமையிலும். நான் வாய் திறப்பதில்லை. சிரித்த சர்வீஸ் ஆள் மேலும், நாற்காலியை விட்டு எழாத ஹவுஸ் ஓனர் மேலும் எனக்கு உள்ள கோபம் என்றாவது ஒரு நாள் ஆறிவிடும். ஒரு பெட்டியின் கோளாறு எதுவென்று சொல்வதற்கு முன் என் பெண் இருபத்து மூன்று நாள் பொறுமையாகப் பார்த்து எழுதினாள். அவள் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்ட எனக்கு ஒரே ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது, அந்தக் கோபத்தை மட்டும் யார் மேலும் இறக்கி வைக்க முடியாமல் இன்னும் நானேதான் சுமந்துகொண்டிருக்கிறேன்.