ஊசியின் மறுபாதி எங்கே?

கணவரின் புது ஜீன்ஸ் நீளமாக இருந்ததால், குடவாசலில் எங்கள் வீட்டு மிஷினிலேயே மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். துணி தடிப்பாக இருந்த இடத்தில் ஊசி பட்டென்று உடைந்தது. நுனித் துண்டைக் காணோம். அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று வேறு ஊசி மாட்டினேன்.

சற்று நேரத்தில், தரையில் தவழ்ந்துகொண்டிருந்த எங்கள் மகள் ஜெனி விடாமல் இரும ஆரம்பித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஊசிய வாயில போட்டுட்டாளா?" என்று கணவர் பதறினார்.

பைக்கில் கும்பகோணம் போய்ச் சேரும்வரை மாதாவையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "உள்ள ஒண்ணும் இல்லம்மா, வெறும் சளிதான்" என்றார்.

அழுதுகொண்டே ஜெனியை மடியில் வைத்தபோது என் தொடையில் சுருக்கென்றது. அந்தத் துண்டு என் சேலை மடிப்பில் செருகியிருந்தது!

இப்போதெல்லாம் ஊசி உடைந்தால், இரண்டு துண்டும் கைக்கு வரும்வரை குழந்தையைத் தரையில் விடுவதில்லை.