வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம்

கோபம் தணியாமலே இந்தச் சாட்சியை எழுதுகிறேன். ஆண்டவர் என்னைப் பொறுத்துக்கொண்டார். விசுவாசிகளே, நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1971-ல் நான் தாம்பரத்தில் ரயில்வே ஃபிட்டர். அந்த வருஷம் என் மனைவி எஸ்தர் மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் கோயிலில் மயங்கி விழுந்தாள். அன்றுதான் எங்களுக்கு அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்ப் பந்தியில் முழங்கால் போடுவது எங்கள் சபை வழக்கம். அவள் முறை வருவதற்குள் வியர்த்துக் கொட்டும், வாய் குழறும். என்னையே யார் என்று கேட்பாள். அப்படியே சாய்வாள்.

மற்ற நாளில் நன்றாக இருப்பவள் பந்திக்கு முன்னால் மட்டும் ஏன் விழுகிறாள்? மறைத்துவைத்த பாவம் என்றார்கள். பிசாசு என்றார்கள். ஜெபக்குழு நடத்தும் ஞானமுத்து அண்ணன் வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, இதுக்கு உபவாசந்தான். மூணு நாளு வாய்க்கு ஒண்ணும் குடுக்காத. உள்ள இன்னா கீதோ வெளிய வந்துரும்."

நான் தலையாட்டினேன். என் கோபத்தில் பெரும்பங்கு அந்தத் தலையாட்டலின் மேல்தான்.

முதல் நாள் சாயங்காலமே அவளுக்குக் கைகால் இழுத்தது. சுற்றி நின்று பாடினார்கள். "பாத்தியா, அடம் புடிக்குது" என்றார் அண்ணன்.

அப்போது நான் செய்தது ஜெபம் அல்ல, சண்டை. "ஆண்டவரே, உம்முடைய பந்திக்குப் பசியோடு வந்தவளைத் தள்ளிவிடுவது நீரா? இல்லையென்றால் யாரென்று இன்றைக்கே காட்டும்" என்று கத்தினேன். அவளை அள்ளிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஒரு லேடி டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "கடைசியா எப்ப சாப்ட்டாங்க?"

"நேத்து ராத்திரி டாக்டர்."

முதலில் இரத்தம் எடுத்தார். பிறகுதான் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சில நிமிஷத்தில் எஸ்தர் கண் திறந்து என்னைப் பார்த்தாள். "இன்னாங்க, சட்ட பொத்தான மாத்திப் போட்டுக்கினு வந்துகீறீங்க?"

எடுத்த இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டம். கணையத்தில் ஒரு கட்டி இருக்கலாம், அது கணக்கில்லாமல் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைக் குறைக்கிறது என்றார் டாக்டர். எஸ்தர் மற்ற நாளில் விடிந்ததும் பழையது சாப்பிடுவாள். அதனால் தப்பித்தாள். ஆனால் சந்தேகம் தீர, மறுபடி பட்டினி போட்டு அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்காளுங்க பண்ணதையே நீங்களும் பண்றீங்களா?"

"நான் குளுக்கோஸ கையில வச்சிக்கிட்டுப் பட்டினி போடறேன். அவங்க கையில என்ன இருந்துது?"

சம்மதித்தேன்.

ஒவ்வொரு முறை எடுத்த இரத்தத்திலும் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. அவளுக்கு வாய் குழறியபோது எடுத்த இரத்தம் டாக்டர் சொன்னதையே சொன்னது. குளுக்கோஸ் ஏறியதும் தெளிந்தாள். ஆபரேஷனில் எடுத்த கட்டியைக் காட்டினார்கள். வேர்க்கடலை அளவு. அதற்குத்தான் பிசாசு என்று பெயர் வைத்தோம்.

"ஜெபம் கேக்கப்பட்டுது தம்பி" என்றார் அண்ணன். உண்மைதான். எந்த ஜெபம் என்று எனக்குத் தெரியும்.

எஸ்தர் இன்று வெறும் வயிற்றோடு போனாலும் விழுவதில்லை. நான்தான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போகிறேன். யாராவது முறைத்தால் திருப்பி முறைக்கிறேன்.

அன்பானவர்களே, கோபமிருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு அவரிடம் போங்கள். என் சண்டைக்கு அவர் ஓர் ஊசிமுனையில் பதில் சொன்னார். உங்கள் பக்கத்தில் ஒருத்தி விழுந்தால் பாவத்தை அப்புறம் தேடுங்கள். முதலில், "சாப்ட்டியாம்மா?" என்று கேளுங்கள்.