டென்னம் என்றொரு சொல்

பிறருடைய கோபத்தைத் தன் வாயால் பேசி, இரு தரப்பின் முறைப்பையும் வாங்கிக்கொள்வதே மொழிபெயர்ப்பாளர் தொழில். அதில் அகப்பட்டுக்கொண்ட உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஐம்பதுகளில், சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் அருகே கப்பல் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் என்னை அகப்பட வைத்தது என் பல்கலைக்கழகப் பட்டம்.

அகராதியில் இல்லாதது

முதல் வாரமே ஒரு வேலையறிக்கையில் ‘டென்னம் வைத்தாகிவிட்டது’ என்றிருந்தது. மூன்று அகராதிகளைப் புரட்டித் தோற்று, மூத்த தொழிலாளி சூசையிடம் கேட்டேன். அவர் சன்னலுக்கு வெளியே கைகாட்டினார். ஒல்லியான ஆங்கிலேய மேற்பார்வையாளர் ஒருவர் கொதிகலனின் தறையாணிகளைச் சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி, ஆணி தளர்ந்திருக்கிறதா என்று தலைசாய்த்து ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாய்திறந்து பேசி எவரும் கேட்டதில்லையாம். குடும்பப் பெயர் டென்னம்.

“புஸ்தகத்துல எப்படி இருக்கும் மிஸ்? அதான் அங்க நிக்கிறாருல்ல.”

பலாப்பழம்

சிராங்கூன் சாலைச் சந்தையில் சூசையின் மனைவி ஒரு பலாப்பழத்தை விரல் மடக்கித் தட்டினார். “டென்னம் வச்சுப் பாத்துட்டேன், இன்னும் பழுக்கல லா” என்று கடைக்காரரிடம் தள்ளினார். நான் சும்மா இருந்திருக்கலாம். படித்த வாய் சும்மா இருக்குமா? அது ஓர் ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் என்று சூசையின் மனைவிக்கு விளக்கினேன்.

“எங்க வார்த்தைய எதுக்கு அந்தத் துரை பேரா வச்சுக்கிட்டாரு?”

விசாரணை

டென்னம் ஓய்வு பெற்றுக் கப்பலேறினார். அவர் இடத்துக்கு வந்த புதியவர், ஆணிகளைத் தட்டாமலே ஒரு கொதிகலனுக்கு நெருப்பு மூட்டச் சொன்னார். சூசை மறுத்தார். கீழ்ப்படியாமைக்கு வேலைநீக்கம் என்று கடிதம் தட்டச்சாகிவிட்டது. மேலாளர் முன் விசாரணை என்பது வெறும் சடங்கு.

“டென்னம் வைக்காம நெருப்பு வைக்க மாட்டேன்” என்பதற்கு மேல் சூசை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை மொழிபெயர்ப்பதைவிடக் காட்டுவதே மேல் என்று, மேலாளர் கையில் சுத்தியலைக் கொடுத்துக் கொதிகலனிடம் அழைத்துப்போனேன். இது உன் வேலையன்று என்றார் புதியவர். தெரியும் என்றேன்.

ஆணிகள் கணீர் கணீரென்று ஒலித்துக்கொண்டே வந்தன. பத்தாவதோ பதினொன்றாவதோ மட்டும் உடைந்த சட்டியைப்போல் சத்தமிட்டது. மேலாளர் மறுபடியும் தட்டினார், அதே சத்தம். கடிதத்தை நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். புதியவர் தம் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூசை என் பக்கம் குனிந்தார்.

“துரை ஊருக்குப் போயிட்டாரு மிஸ். காத இங்க விட்டுட்டுத்தான் போனாரு.”

அந்தப் பட்டறையில் ஆண்டுக்கணக்காக வாய் ஓயாமல் பேசிய என் பெயரில் ஒரு சொல்லும் பிறக்கவில்லை. வாயே திறவாத டென்னத்துக்குப் பிறந்துவிட்டது.