மூன்றாவது கார்டும் எரிந்த வீடு

நான் மாற்றிக் கொடுத்த மூன்றாவது கிராபிக்ஸ் கார்டும் போய்விட்டது என்று போன் வந்ததால், இன்று காலை வேங்கிக்காலில் இருக்கும் அந்த வீட்டுக்கே போனேன்.

கார்டை வாங்கியவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டீங்கம்மா. பொண்ணு கேம் போட்டா பத்தே நிமிஷத்துல ஸ்க்ரீன் கறுப்பாயிடுது."

கொடுப்பதற்கு முன் என் கடையில் அதே கார்டு இரண்டு நாள் நன்றாக ஓடியது. உள்ளே போய்க் கம்ப்யூட்டர் கேபினட்டில் கை வைத்தேன். சுரீரென்று கரண்ட் இழுத்தது.

கல்லூரியில் படிக்கும் அவர் மகள் சாதாரணமாகச் சொன்னாள். "அது அப்படித்தாங்க்கா இழுக்கும். நான் காலைத் தரையில வைக்காமதான் விளையாடுவேன்."

"எத்தினி நாளா?"

"இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து."

மெயினை அணைத்துவிட்டு ப்ளக் பாயின்ட்டைக் கழற்றினேன். எர்த் ஓட்டைக்குப் பின்னால், கசியும் கரண்ட்டைத் தரைக்குக் கொண்டுபோகும் கம்பியே இல்லை. மற்ற அறைகளிலும் அப்படித்தான்.

"கார்டு போனதும் இதனாலதாங்க" என்றேன்.

அவர் காதில் அது விழவில்லை. மகளின் உள்ளங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட லேண்ட்லைனில் நம்பர் அழுத்தியபோது இரண்டு தடவை தப்பாகப் போனது.

கடைக்கு வந்து இதை டைப் செய்யும்போதுதான் உறைக்கிறது. என் வீட்டுப் பாயின்ட்டை நானே கழற்றிப் பார்த்ததில்லை. நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?