எண்ணெய் குடித்த சாண்டர்

சுடலைவடிவு சாண்டரை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினாள். உப்புத்தாள் மாட்டி மரத்தைத் தேய்க்கிற கை மிஷின் அது. மதியம் அம்பாசமுத்திரத்தில் சித்ரலேகா டீச்சரின் வாசல் கதவைப் பாதி தேய்த்திருந்தபோது புகைந்து நின்றுவிட்டது.

பன்னிரண்டு வருடம் ஒரு மேஸ்திரியிடம் கூலிக்குத் தேய்த்தவள். தன் பொறுப்பில் பிடித்த முதல் வேலை இந்தக் கதவு. "நாளைக்குப் பத்து மணிக்குள்ள தேய்ச்சு முடிக்கலேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அடுத்த வீட்டுக்காரியான நான் டார்ச் பிடித்தேன். மிஷினுக்குள் ஒரே கருப்புக் களி. ஆஸ்பத்திரி நர்ஸாக எவ்வளவோ துடைத்திருக்கிறேன். இது எனக்கே புதிது.

வடிவு முகர்ந்தாள். "யக்கா, எண்ணெய்!"

இருவரும் ஒன்றாகத் திரும்பி அவள் கணவர் பிச்சைக்கண்ணுவைப் பார்த்தோம். விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் முப்பது வருடம் மிஷின்களுக்கு எண்ணெய் விட்டு ஓய்வு பெற்றவர்.

"என்னட்டி அப்படிப் பாக்க? மிஷின்னா எண்ணெய் விடணும்லா. காத்து வார ஓட்டை வழியா தெனமும் நாலு சொட்டு, அவ்வளவுதான்."

"தூசியும் எண்ணெயும் சேந்து உள்ள களில்லா கிண்டியிருக்கு! நல்லவேளை, மிக்ஸியத் தொடல" என்றாள் வடிவு.

அவர் கூரையைப் பார்த்தார்.

"அதான் சட்னியில அந்த வாடையா?" என்றேன். புதன்கிழமை அவர்கள் வீட்டில் அதை இரண்டு கரண்டி தின்றிருந்தேன்.

வடிவு பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் களியை வழித்தாள். காற்றுத் துவாரங்களைப் பழைய பல் பிரஷால் தேய்த்தாள். மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் துண்டுகள் தேய்ந்திருந்தன, அவற்றை எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு போட்டாள். தின்னர் ஈரத்தோடு ஓட்டினால் தீப்பிடிக்கும் என்று விடியும்வரை காயவிட்டாள்.

"பேரிங்குக்காவது ஒரு சொட்டு..." என்றார் பிச்சைக்கண்ணு.

"கிட்ட வந்தீங்க, எண்ணெய் எல்லாத்தையும் உங்க தலையிலயே கவுத்துருவேன்!"

சும்மா இருக்கிற கை எதையாவது செய்யும். நோயாளியானால் மடிக்கத் துணி கொடுப்பேன். "வடிவு, தூசிப்பைய அவர்ட்ட குடு, உதறட்டும்" என்றேன். மனிதர் வாங்கிக்கொண்டு தெருக்கோடி வரை போய் உதறினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் கழிவுப்பலகை ஒன்றில் மிஷினை ஓட்டிப் பார்த்தாள். கதவில் எண்ணெய் பட்டால் பாலிஷ் ஒட்டாது. முதல் பலகையில் கடுகளவு பொட்டு விழுந்தது. மறுபடி துடைத்து, தாளை மாற்றி ஓட்டினாள். இரண்டாவது பலகை சுத்தம். ஏழு மணி பஸ்ஸில் அம்பாசமுத்திரத்துக்குக் கிளம்பினாள். எனக்கும் அங்கே மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்ததால் கூடப் போனேன்.

ஒன்பதரைக்குக் கதவு முடிந்தது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவினார். குறை ஒன்றும் அகப்படாததில் அவருக்கு வருத்தம்தான்.

"சரி, பாலிஷ ஆரம்பி" என்றார். பத்து மணிக்கு வடிவு முதல் பூச்சை அடித்துக்கொண்டிருந்தாள்.