அடித்தது ஒருவன்

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த தோட்டத்தில் பொன்னையாவைத் தெரியாதவர்கள் இல்லை. கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் மிஷின் வேலை. மற்ற நேரமெல்லாம் பகுத்தறிவு மன்றம். ஐம்பத்தேழாம் வருசம் தையற்கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து அதைத் தொடங்கியவரே அவர்தான். சாமி இல்லை, சாதி இல்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நியாயம் என்று பேசுவார்கள். மாரியம்மன் திருவிழா வந்தால் பொன்னையாவின் வாய் சும்மா இருக்காது. பூசாரி அழகன் சாராயம் குடித்துவிட்டு விழுந்து கிடப்பதைக் காட்டி, "பூசாரியே இப்படின்னா, இவன் கும்பிடுற ஆத்தா எப்படி இருப்பா?" என்று கேட்பார். இளவட்டங்கள் சிரிப்பார்கள்.

மன்றத்தின் பேச்சாளன் கணேசமூர்த்தி. பெண்ணுரிமை பற்றி அவன் பேசினால், கொழுந்தெடுத்துவிட்டு வரும் பெண்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி மீனம்மா, முறிந்த கையைச் சேலைத் தலைப்பில் தாங்கிக்கொண்டு பொன்னையாவின் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றாள். சோறு தாமதமானதற்கு விறகுக்கட்டையால் அடித்திருக்கிறான். முதல் தடவையும் இல்லையாம். பொன்னையாவின் மனைவி வேலாயிதான் அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அதே பேச்சு. "சாமிக்கே பயப்படாதவன் யாருக்குப் பயப்படுவான்? மன்றத்துக்காரனுங்க எல்லாருமே இப்படித்தான்."

அங்கே வந்த பொன்னையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒருத்தன் செஞ்சதுக்கு எல்லாரையும் ஏன் இழுக்குறீங்க? கொள்கை என்ன பண்ணுச்சு?"

குடம் கழுவிக்கொண்டிருந்த அழகன் நிமிர்ந்தான். "இத்தனை வருசமா நான் குடிச்சதுக்கு ஆத்தாவ இழுத்தீங்களேண்ணே. அவ என்ன பண்ணுனா?"

பொன்னையா விறுவிறுவென்று திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து வேலாயியிடம் எரிந்து விழுந்தார்.

"அழகன் கேட்டதுல என்னங்க தப்பு?" என்றாள் அவள். அது இன்னும் சுட்டது.

அன்று மாலையே மன்றத்தைக் கூட்டினார். கணேசமூர்த்தியை விலக்க வேண்டும், அதைக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும் என்றார். கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். தையற்கடைச் செல்லசாமிதான் பேசினார். "இது குடும்பச் சண்டைங்க. நாமளே வெளிய சொன்னா மன்றத்துப் பேரு கெட்டுடும்."

"பேரு இன்னமும் இருக்குன்னா நெனைக்கிறீங்க? அடிச்சது அவன் ஒருத்தன். நாம மூடி மறைச்சா, எல்லாரும் சேந்து அடிச்ச மாதிரிதான். அப்புறம் பீலியடியில சொல்றது நெசமாயிடும்!"

விலக்குவதற்கு ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. "அண்ணன் கோவத்துல இருக்காரு. தேத்தண்ணி சொல்லுங்கப்பா" என்றார் செல்லசாமி.

பொன்னையா எழுந்து வெளியே வந்தவர், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மீனம்மா வட்டவளையில் இருந்த அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். கணேசமூர்த்தி அடுத்த மாதமே பக்கத்துத் தோட்டத்தில் பெண்ணுரிமை பற்றிப் பேசினான். நல்ல கைதட்டல் என்று கேள்வி.

கோயில் கமிட்டிக்காரர்கள் சிரித்த முகத்தோடு லயத்துக்கு வந்தார்கள். "மன்றத்த விட்டுட்டீங்களாமே. இனி சாமி கும்பிட வருவீங்கல்ல?"

"மன்றத்தத்தான்யா விட்டேன்! சாமி இருக்குன்னு நான் எப்பய்யா சொன்னேன்?"

"வீம்பு புடிச்ச மனுசன்" என்றார் ஒருவர். பொன்னையா மேற்கொண்டு விளக்கப் போகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேலைக்கு நேரமாவதற்கு முன்பே ஸ்டோருக்குக் கிளம்பிவிட்டார்.